2, 3, 5, 7 ஆல் வகுபடாவிட்டால் பகா எண் என்று எழுதிவிடலாமா?

ஆறாவது படிக்கும் உங்கள் மகள் 221ஐ 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்த்து, மீதி வருகிறது என்று 'பகா எண்' என எழுதியிருக்கிறாள். அது தப்பாகிவிட்டது, எதுவரைதான் வகுத்துப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் செய்த முறை சரி. நிறுத்திய இடம்தான் தப்பு.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் என் அப்பா தேயிலை நர்சரியில் வேலை பார்த்தார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். நாற்றுப் பைகளை எந்த வரிசையும் குறையாமல் கட்டமாக அடுக்க வேண்டும். 36 பை என்றால் ஒரே வரிசையாக 36, இரண்டு வரிசையாக 18, மூன்றாக 12, நான்காக 9, ஆறாக 6. அதற்கு மேல் புதிதாக ஒன்றும் வராது. ஒன்பது வரிசையாக நான்கு நான்கு வைத்தால், முன்பு வைத்ததையே பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம், அவ்வளவுதான். 37 பை இருந்தால் ஒரே நீள வரிசை. வேறு எப்படி வைத்தாலும் பை மிஞ்சும். காரணி, பகா எண் என்ற சொற்கள் எனக்கு அப்புறம்தான் வந்தன. இப்போது மாலையில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் புளியங்கொட்டையைக் கொடுத்து இதையேதான் அடுக்கச் சொல்கிறேன்.

அடுக்கிப் பார்த்த பிள்ளைக்கு ஒன்று புரிந்துவிடும்: காரணிகள் ஜோடியாக வரும். ஜோடியில் இரண்டுமே 6ஐத் தாண்டினால் பெருக்கினால் 36ஐத் தாண்டிவிடும். ஆகவே ஜோடியில் சின்னது வர்க்கமூலத்துக்குள் (6×6 = 36 என்பதால் 36க்கு அது 6) மாட்டியே தீரும். அதுவரை தேடியும் 1ஐத் தவிர ஒன்றும் மாட்டவில்லை என்றால் அது பகா எண். அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 4 ஆல் போகிற எண் 2 ஆல் முன்பே போயிருக்கும்.

சரி, 221க்கு வருவோம். 14×14 = 196, 15×15 = 225. ஆக 14க்குள் இருக்கும் 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பார்க்க வேண்டும். 11 போகாது. 13 போகும்: 13×17 = 221. மகள் 7இல் நின்றதற்கும் காரணம் இருக்கிறது. 1 முதல் 100 வரை எழுதி, ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போகும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையில் 7 வரை போனால் போதும். உண்மையில் 120 வரைக்கும் போதும். 121 என்பது 11×11, அங்கிருந்து 11ம் சேர்ந்துகொள்கிறது. இதை அவளிடம் சொல்லுங்கள். தன் முறை எங்கே வரை செல்லும் என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

இந்த 221 எனக்கு ரொம்பப் பிடித்த எண். நம் மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது: 2006, 2018, அடுத்து 2030. 12க்கு 2, 3, 4, 6 எல்லாம் காரணி. அதனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் பூச்சி ஒன்று இருந்து, ஒருமுறை பூவோடு சேர்ந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு பூப்பிலும் வந்து நிற்கும். அமெரிக்காவில் மண்ணுக்குள் வளரும் சிள்வண்டுகளில் சில 13 ஆண்டுக்கு ஒருமுறையும் சில 17 ஆண்டுக்கு ஒருமுறையும் வெளியே வருகின்றன. இரண்டும் பகா எண்கள், 1ஐ விட்டால் பொதுக் காரணி கிடையாது. எனவே மீச்சிறு பொது மடங்கு 221. 1803இல் சேர்ந்து வந்த இரண்டு கூட்டங்கள் மறுபடி சேர்ந்து வந்தது 2024இல்தான்!

பயிற்சிக்கு எங்கள் தொட்டபெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 2637 மீட்டர். இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆக 9 ஆல் வகுபடும், ஈவு 293. 17×17 = 289 என்பதால் 17 வரை பார்க்க வேண்டும். எதுவும் போகாது, 293 பகா எண்.

அடுத்து 323ஐ அவளிடமே விட்டுவிடுங்கள். 13 வரை வந்ததும் பகா எண் என்று எழுதப் பார்ப்பாள். 18×18 எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.