பின்னல் ஊசியை விட மனசில்லை, கட்டைவிரலோ வலிக்கிறது

கேள்வி: எனக்கு வயது 47. தேன்கனிக்கோட்டையில் இருக்கிறோம். நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஆடியில் யூடியூப் பார்த்து ஊசியில் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டேன். முதலில் கணவருக்கு மஃப்ளர் பின்னினேன், போகப் போக அகலமாகிவிட்டது. அடுத்தது குல்லா. அளவுத் துண்டு பின்னிப் பார்க்காமல் ஆரம்பித்ததில் யார் தலைக்கும் ஏறாத அளவு சின்னதாகிவிட்டது. அப்புறம் பருத்தி நூலில் ஒரு சால்வை. அது முடியும்போதுதான் வலது கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்தது. இப்போது ஒரு பெரிய போர்வை ஊசியில் இருக்கிறது. தையில் மகளுக்குப் பிரசவம், அதற்குள் குழந்தைக்கு ஸ்வெட்டரும் காலுறையும் முடிக்க வேண்டும். இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது. தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடுகின்றன. கையை உதறினால் சரியாகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஃப்ளூரைடு தண்ணீர்தான் காரணம் என்கிறார். என் கணவர் இது ஒரு போதை என்கிறார். பின்னுவதை நிறுத்திவிட வேண்டுமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம். கொஞ்ச நாள் ஊசியைக் கீழே வைக்க வேண்டும், பிறகு பின்னும் விதத்தை மாற்ற வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, கையில் இருப்பது ஒரு தொந்தரவு இல்லை, இரண்டு.

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். அக்காவின் சந்தேகத்தை லேசாகத் தள்ள முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. ஆனால் ஃப்ளூரைடு எலும்பைப் பிடிக்கப் பல வருடம் ஆகும். பிடித்தால் முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் என்று பெரிய இடங்களில் இறுக்கம் வரும். ஒரு சால்வை பின்னி முடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு கட்டைவிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அது வலிக்கவைக்காது. வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் சுண்டி இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

இனி கைக்கு வருவோம். நோயாளிகள் எல்லாரும் உங்களைப் போல வரிசையாகச் சொன்னால் எங்கள் வேலை பாதி குறையும். மஃப்ளர் அகலமானதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. ஓரத்தில் தெரியாமல் கண்ணி, அதாவது ஊசியில் விழும் நூல் வளையம், கூடியிருக்கும் என்று பின்னத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். குல்லா சின்னதானதுதான் எனக்கு முக்கியம். பெரும்பாலும் நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னுகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும். கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் புதிதாகக் கற்கிறவர்கள் ஊசியையும் நூலையும் நெரித்துப் பிடிக்கிறார்கள். அந்தக் கையோடு பருத்தி நூலுக்குப் போயிருக்கிறீர்கள். கம்பளி இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பருத்தி கொடுக்காது, நூலில் இல்லாத நெகிழ்வை ஒவ்வொரு கண்ணிக்கும் உங்கள் விரல்தான் ஈடுகட்ட வேண்டும். வலி அந்தச் சால்வையில் ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை. அடுத்தது போர்வை. நீளமான நேர் ஊசியில் பின்னினால் பின்னிய துணியின் எடை முழுவதும் ஊசியில் தொங்கும், அதை இரண்டு மணிக்கட்டும் தாங்க வேண்டும். போர்வை வளர வளரச் சுமையும் வளர்கிறது.

கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் செய்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன, பாவாடை நாடா மடிப்புக்குள் ஓடுகிற மாதிரி. திரும்பத் திரும்ப விரலை அழுத்தி, மணிக்கட்டைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே இருந்தால் அந்த உறை தடித்துவிடும், நாண் சிக்கிச் சிக்கி ஓடும். 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயரால் இதை டி குவர்வைன் என்கிறோம். வீட்டிலேயே பார்க்கலாம்: கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீரென்று பிடித்தால் அநேகமாக இதுதான். ரொம்ப அழுத்திப் பார்க்காதீர்கள், நன்றாக இருக்கும் கையிலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்.

ராத்திரி மரத்துப்போவது வேறு கதை. மணிக்கட்டின் நடுவே ஒரு நரம்பு குறுகிய வழியில் விரல்களுக்குப் போகிறது. நீங்கள் சொன்ன அதே மூன்று விரல்களுக்கும், மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடந்தால் அது நசுங்கும். கார்ப்பல் டனல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னுவது இதைக் கூட்டலாம், ஆனால் சர்க்கரையும் தைராய்டு குறைவும் இதற்கு முக்கியமான காரணங்கள். அதனால் மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் மணிக்கட்டுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் களி கிண்டுவது யார்? துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அழுத்துவது இதே நாண்களுக்கு வேலை. புளி உடைத்துக் கொட்டை எடுக்கிற பெண்களுக்கும், நாள் முழுக்கப் பூ கட்டுகிறவர்களுக்கும் இந்த வலி வரும். அவர்களிடம் நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்ல முடிவதில்லை, அது அவர்களின் கூலி. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குக் களித் துடுப்பு உங்கள் கணவர் கைக்குப் போகட்டும். போதை என்று சொன்னவர் அவர்தானே.

மூன்று வாரம் ஊசியைத் தொடாதீர்கள். மருந்துக்கடையில் வெறும் மணிக்கட்டுப் பட்டை வாங்காமல், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட் கேளுங்கள். அதைப் பகலில் வேலை செய்யும்போதும் இரவில் தூங்கும்போதும் போட்டால் இரண்டு தொந்தரவுக்கும் உதவும். வலிக்கிற இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், டைக்ளோஃபினாக் ஜெல் மெதுவாகத் தடவலாம். எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம், வீங்கியிருக்கும் உறையை அது இன்னும் உரசும். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீரகத்தைப் பார்க்காமல் அதைத் தருவது சரியில்லை.

இதில் குறையவில்லை என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் நிறையப் பேருக்கு வலி அடங்கிவிடும். போட்ட பின் சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கும் கேட்காத சிலருக்கு உறையைத் திறந்துவிடும் சின்ன அறுவைச் சிகிச்சை இருக்கிறது. கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, மரப்பு பகலிலும் போகவில்லை, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறது என்றால் மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். இரண்டு கையின் விரல் மூட்டுகளும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகி நின்றாலும் அப்படித்தான், அது மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும்.

திரும்ப ஆரம்பிக்கும்போது போர்வையை வட்ட ஊசிக்கு மாற்றுங்கள். இரண்டு குட்டை ஊசிகளை வயரால் இணைத்திருப்பார்களே, அதுதான். துணி மடியில் கிடக்கும், மணிக்கட்டில் தொங்காது. கண்ணி நழுவும் பயம் இருந்தால் உலோகத்தை விட மூங்கில் ஊசி நல்லது, அதில் கண்ணி அவ்வளவு வழுக்காது, நெரித்துப் பிடிக்கத் தேவையில்லை. பருத்தியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டுங்கள். அலாரம் வைத்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஊசியை வைத்துவிட்டு எழுந்து நடங்கள். இரவு விளக்கில் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பின்னுகிறீர்கள் என்றால் வாசிக்கும் கண்ணாடி தேவைப்படும் வயது இது, கழுத்தும் தப்பிக்கும்.

போதையா என்ற கேள்விக்கு: ஆர்வத்துக்கும் போதைக்கும் நடுவே நான் பார்ப்பது தூக்கம், சாப்பாடு, வேலை, வலி இந்த நான்கையும்தான். உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, வலிக்கிறது என்று தெரிந்தும் பின்னியிருக்கிறீர்கள். அந்த அளவில் கணவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. தூக்கம் குறைந்தால் சர்க்கரையும் ஏறும். பத்து மணிக்கு ஊசிப் பையை வேறு அறையில் வைத்துவிடுங்கள். நான் சொன்ன மூன்று வாரம் உங்களால் சும்மா இருக்க முடிந்தால், அது போதை இல்லை என்று அவரிடம் தைரியமாகச் சொல்லலாம். அலமாரி நிறைய நூல் வாங்கி அடுக்குவது மருத்துவப் பிரச்சினை ஆகாது, அதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பேரக்குழந்தை வந்ததும் இந்தக் கைக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. பச்சைக் குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் இதே கட்டைவிரல் வலி சகஜம். கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில், உள்ளங்கை மேல்பார்த்தபடி அள்ளித் தூக்குங்கள், எடை முன்னங்கைக்குப் போகும்.

போர்வை கிடக்கட்டும், கை சரியானதும் குழந்தை ஸ்வெட்டரை முடியுங்கள். உங்கள் பக்கத்து மார்கழி, தைக் குளிருக்கு அது வீண்போகாது. மெல்லிய முடி பறக்கிற நூல் வேண்டாம். கழுத்தில் நாடா வைக்காதீர்கள். காலுறையை உள்பக்கம் திருப்பித் தொங்கும் இழைகளை எல்லாம் வெட்டிவிடுங்கள், ஒற்றை நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் முதலில் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம், குழந்தைகள் உடல் சூட்டைத் தலை வழியாகவும் வெளியேற்றுகின்றன.