இரவு முழுவதும் ஒரே சீராக: உறக்கத்துக்கான ஒலிக்கருவிகள், கேள்வி பதில்

செங்கோட்டையில் செவித்திறன் பரிசோதனையும் காது கேட்கும் கருவி பொருத்தும் பணியும் செய்துவருகிறேன். மழை ஓசை, அருவி ஓசை, மின்விசிறி ஓசை போன்றவற்றை இரவெல்லாம் ஒலிக்கும் ‘ஒயிட் நாய்ஸ்’ கருவிகளைப் பற்றி, தமிழக–கேரள எல்லையின் இருபுறத்திலிருந்தும் பலர் கேட்டிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கி, பதில்களைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

புளியரையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, எங்கள் வீடு கொல்லம் சாலையை ஒட்டியே இருக்கிறது. மலையிறங்கி வரும் லாரிகளின் ஏர் ஹாரனால் இரவில் பலமுறை விழிப்பு வந்துவிடுகிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கும் கருவி கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

கருவி செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். உறங்குபவரை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமன்று; அமைதியிலிருந்து அது எவ்வளவு உயரத்துக்குத் திடீரென்று எழும்புகிறது என்பதே முக்கியம். அறை 30 டெசிபலில் இருக்கும்போது 60 டெசிபலில் ஒரு ஹாரன் கேட்டால் ஏற்றம் 30; அதே அறையில் 45 டெசிபலில் ஒரு சீரான ஓசை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஏற்றம் 15 மட்டுமே. கருவி ஹாரனை அழிப்பதில்லை, அந்த ஏற்றத்தைக் குறைக்கிறது. ஆகவே எத்தனை விதமான ஒலிகள் அதில் உள்ளன என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கைக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. சீராக ஒலிக்கும் இரண்டு ஓசைகள் இருந்தாலே போதும்.

உங்கள் வீட்டுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. லாரி எஞ்சினின் உறுமல் தாழ்ந்த சுருதியில் இருப்பது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கருவியின் ஸ்பீக்கரால் அந்தச் சுருதியில் போதிய ஓசையை எழுப்பவே முடியாது. அது ‘ஸ்ஸ்’ என்று சீறும். உறுமலோ அதன் கீழே அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது சற்றுப் பெரிய ஸ்பீக்கரும், ‘பிரவுன் நாய்ஸ்’ அல்லது ‘பிங்க் நாய்ஸ்’ என்ற தேர்வும் உள்ள கருவி. ‘ஒயிட் நாய்ஸ்’ எனப்படும் வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களுக்கும் சம ஆற்றல் உண்டு; பிங்க்கில் சுருதி இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபலும், பிரவுனில் 6 டெசிபலும் குறைந்துகொண்டே போகும். குற்றாலம் பேரருவியின் அடியில் நிற்கும்போது கேட்கும் சீற்றத்தையும், கடைவீதியைத் தாண்டி வந்தபின் கேட்கும் முழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். தொலைவு கூடக் கூட மேல் சுருதி தேய்ந்து, தாழ்ந்தது எஞ்சுகிறது. அந்த இரண்டாவது ஓசையே லாரிச் சாலைக்கு ஏற்றது.

ஆனால் கருவி வாங்குவதற்கு முன் சன்னலைப் பாருங்கள். பழைய மரச் சன்னலின் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே விரல் நுழையும் இடுக்கு இருந்தால், எந்தக் கருவியும் பெரிதாக உதவாது. ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடையுங்கள். கட்டிலைச் சாலைப் பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்றே வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பு காக்கப்பட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய ஓசைகள் உறக்கத்துக்கு உதவுகின்றனவா என்பது பற்றிய 38 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த மதிப்பாய்வு, சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றே முடிவு கூறியது. சிலருக்கு நன்றாகப் பயன்படுகிறது, சிலருக்கு இல்லை. ஆகவே பல ஆயிரம் செலவழிப்பதற்கு முன் வீட்டிலிருக்கும் மின்விசிறியை வைத்துச் சில இரவுகள் சோதித்துப் பாருங்கள்.

பண்பொழியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, பழைய சீலிங் பேன் சத்தத்தில் பல ஆண்டுகள் நன்றாக உறங்கினேன். மின்சாரம் மிச்சமாகும் என்று பிஎல்டிசி பேன் மாட்டினோம். சத்தமே இல்லை, உறக்கமும் இல்லை.

உங்கள் காது பழகியிருந்த அடித்தள ஓசை போய்விட்டது. அதனால் தெருநாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. புதிய பேனைக் கழற்ற வேண்டாம். ஒரு டேபிள் பேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று உங்கள் மேல் படாது, ஓசை மட்டும் அறையில் பரவும், மார்கழிக் குளிரிலும் தொல்லையில்லை. வேகத்தைக் குறைத்ததும் ‘கிர்’ என்ற மின்முனகல் கேட்டால், அது காற்றின் ஓசையன்று; ரெகுலேட்டரில் ஓடும் விசிறி என்றால் ரெகுலேட்டரை மாற்றிப் பாருங்கள்.

இத்துறையின் தொடக்கமே மின்விசிறிதான். 1962-இல் அமெரிக்காவில் ஜிம் பக்வால்டர் என்பவர் சிறு விசிறி ஒன்றைத் துளையிட்ட கூட்டுக்குள் அடைத்து, காற்றின் ஓசை மட்டும் வெளிவருமாறு செய்து விற்றார். அதன் வழிவந்த ‘டோம்’ என்ற கருவி இன்றும் விற்பனையில் உள்ளது. உண்மையான காற்று எழுப்பும் ஓசை என்பதால் அதில் எதுவும் திரும்பத் திரும்ப வருவதில்லை.

பதிவு செய்த ஒலிகளில் இதுவே பெரிய குறை. ஒருவர் என்னிடம் காட்டிய மலிவான கருவியில் மழை ஓசை அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டிலிருந்து தகரத்தில் ஒரு சொட்டு விழுவதுபோல் ‘டொக்’ என்று ஓர் ஒலி அதில் கலந்திருந்தது. சிறு துண்டுப் பதிவையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும் கருவி அது. அந்த ‘டொக்’கை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு காது அதற்காகவே காத்திருக்கும், உறக்கம் வராது. கடையில் வாங்கும்போது கண்களை மூடிக்கொண்டு ஐந்து நிமிடமாவது கேளுங்கள். பறவை, தவளை, இடி கலந்த ஒலிகளை ஒதுக்கிவிடுங்கள்.

ஆரியங்காவிலிருந்து ஓர் அம்மா: அமெரிக்காவிலிருக்கும் மகள் இந்த டோம் கருவியைத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். பின் மாற்றும் சிறு அடாப்டரைப் போட்டு இங்கே செருகலாமா?

அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் தயவுசெய்து செருகாதீர்கள், அம்மா. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விசிறி மோட்டார் உள்ள கருவியில் 120 என்று மட்டும் இருந்தால், பின்னை மாற்றுவதால் மின்னழுத்தம் மாறாது. மோட்டார் கருகிவிடும், தீப்பற்றவும் கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடும் அதிகமாகும். இரவெல்லாம் ஆளுறங்கும் அறையில் ஓடவேண்டிய பொருளுக்கு அது நல்லதன்று. மகள் அடுத்தமுறை வரும்போது யூஎஸ்பி வயரில் இயங்கும் மின்னணுக் கருவியாக வாங்கிவரச் சொல்லுங்கள். 5 வோல்ட் சார்ஜரில் எந்த நாட்டிலும் ஓடும்.

துபாயிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சதுர முனைப் பின்னுக்கு ஓர் அடாப்டர் போதும்.

கம்பத்திலிருந்து ஒரு தம்பி: தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் எங்கள் பக்கம் இரவில் மின்தடை அடிக்கடி வரும். கருவி நின்றதும் விழித்துக்கொள்கிறேன்.

ஓசை நிற்பதும் ஒரு மாற்றமே, அதுவும் எழுப்பும். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பொத்தான். தட்டினால் ‘டக்’ என்று ஒரு நிலையில் நிற்கும் ஸ்விட்ச் இருந்தால் மின்சாரம் வந்ததும் கருவி தானே ஓடும். தொட்டால் இயங்கும் மென்பொத்தான் உள்ளவற்றில் பல, மின்சாரம் திரும்பினாலும் அணைந்தே கிடக்கும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பாருங்கள். இரண்டாவது, உள்ளே பேட்டரி இருக்கிறதா, சார்ஜில் இருக்கும்போதே ஒலிக்குமா என்பது.

பவர் பேங்கில் இணைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இத்தகைய கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி முறை உள்ள பவர் பேங்க் என்றால் சிக்கலில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பிலேயே செருகுங்கள்.

தென்மலையிலிருந்து ஓர் இளம் தாய்: அண்ணா, ஐந்து மாதக் குழந்தை. போனில் மழைச் சத்தம் போட்டுத் தூளிக்குள்ளேயே வைத்தால் உடனே உறங்கிவிடுகிறான். தொடரலாமா?

தங்கையே, போனை இன்றே தூளியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாப் பதில்களையும்விட இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தை உறங்குவது உண்மைதான். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன நாற்பது குழந்தைகளைப் பார்த்தார்கள். வெள்ளை இரைச்சல் கேட்டவர்களில் எண்பது சதவீதத்தினர் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கினர், கேட்காதவர்களில் கால்வாசிப் பேரே உறங்கினர். ஆனால் 2014-இல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், குழந்தைகளுக்கென்றே விற்கப்பட்ட 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தபோது, ஒரு மீட்டர் தொலைவிலும் அத்தனை கருவிகளும் மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் சொல்லப்படும் 50 டெசிபலைத் தாண்டின. முப்பது சென்டிமீட்டரில் மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. வளர்ந்த தொழிலாளிகளுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கும் அளவு அது.

தூளி துணியால் ஆனது. உள்ளே வைத்த போன் குழந்தையின் காதிலிருந்து ஒரு சாண் தொலைவில்கூட இராது, துணி சுருங்கும்போது கன்னத்தோடு ஒட்டியே கிடக்கும். போனும் சூடாகும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அதைவிடக் குறைவாகவே குறையும் என்றாலும், தொலைவைப்போல் எளிய பாதுகாப்பு வேறில்லை. கருவியைத் தூளியிலிருந்து இரண்டு மீட்டருக்கு அப்பால், அறையின் மறுமூலையில் வையுங்கள். தூளியருகே நின்று நீங்கள் மெல்லிய குரலில் பேசினால் அது கருவியின் ஓசைக்கு மேல் தெளிவாகக் கேட்கவேண்டும். குழந்தை உறங்கியதும் அணைத்துவிடுங்கள்; அரைமணி நேரத்தில் தானே அணையும் டைமர் உள்ளதை வாங்குவது நல்லது. பகலில் அவன் கேட்க வேண்டியவை உங்கள் பேச்சும் தாலாட்டும் வீட்டாரின் குரலும்தான்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு மாணவர்: தனிக் கருவி எதற்கு? போனில் யூடியூபே போதாதா?

விளம்பரம் குறுக்கிட்டு எழுப்பும் என்பதால் யூடியூப் வேண்டாம். ஐபோன் வைத்திருந்தால் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ‘பேக்ரவுண்ட் சவுண்ட்ஸ்’ என்ற வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது, ஒலியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமும் வேண்டாம். மற்றப் போன்களில் நீண்ட ஒலிக்கோப்பு ஒன்றை இறக்கி, ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஒரு நல்ல ஸ்பீக்கரை வயரால் இணையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் சார்ஜ் குறைந்ததும் நடுச்சாமத்தில் ‘பேட்டரி லோ’ என்று குரல் கொடுக்கும் வகைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: விடுதியில் மூவர் ஒரே அறையில் இருக்கிறோம். இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு கேட்கலாமா?

இரவு முழுவதும் வேண்டாம். காதுக் குழாய் அடைபட்டு வியர்த்துப் புண்ணாகும், குறும்பி உள்ளே தள்ளப்படும். ஒலியின் அளவையும் உறக்கத்தில் நீங்கள் கவனிக்க முடியாது. தட்டையான ஸ்பீக்கர் தைத்த துணித் தலைப்பட்டை கிடைக்கிறது. அதைக் குறைந்த ஒலியில், டைமருடன் பயன்படுத்துங்கள்.

செங்கோட்டையிலிருந்தே ஒருவர்: அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைகிறதாம், இரவில் அதிகமாகத் தெரிகிறதாம். கருவி உதவுமா?

பலருக்கு உதவுகிறது. ஆனால் காதிரைச்சலை முழுவதுமாக மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தம் வைப்பதே பெரும்பாலோர் செய்வது, அது கூடாது. இரைச்சல் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி, கருவியின் ஓசையை அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை நாளடைவில் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். ஆகவே படிப்படியாக அன்றி, மெல்லத் திருகும் வால்யூம் உள்ள கருவி அவருக்கு ஏற்றது. அதற்கு முன் செவித்திறனைப் பரிசோதித்துவிடுங்கள். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவேண்டும். திடீரென்று கேட்கும் திறன் குறைந்திருந்தால் அன்றைக்கே போகவேண்டும். நாள் கடந்தால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கூடலூரிலிருந்து ஓர் அம்மா: வீட்டுக்காரரின் குறட்டை தாங்க முடியவில்லை. எந்தக் கருவி வாங்கினால் அது கேட்காது?

குறட்டை தாழ்ந்த சுருதியில், விட்டுவிட்டு வருவது. அதை மறைப்பது கடினம். பிரவுன் நாய்ஸ் கருவியை உங்கள் தலைப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் ஓரிரவு அவர் உறங்குவதைக் கவனியுங்கள். குறட்டை திடீரென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்கிறாரா? இரத்த அழுத்தம் இருக்கிறதா? அப்படியானால் அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கக்கூடும். கருவியின் ஓசை அந்தத் திணறலை உங்கள் காதிலிருந்து மறைத்துவிடும். போனில் அந்த மூச்சைச் சில நிமிடங்கள் பதிவு செய்துகொண்டு, உறக்கப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். கருவியைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.