மாமா சொன்ன எம்.பி.ஏ.வும் தண்ணீர் லாரி நோட்டும்

அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா, பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். "எம்.பி.ஏ. சேர்த்துடுன்னு எங்க அண்ணன் நச்சரிக்கிறார் சார். பத்து லட்சம் லோன் போடணும். பயமா இருக்கு." பதறாதீங்கம்மா என்று தொடங்கினேன். தொகையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வேண்டாம்மா. கடனை அடைக்கப்போவது உங்கள் அண்ணன் இல்லை. நாலு பேர் முன்னால் பேசு என்றாலே கையைப் பிசைகிற பெண்ணை விற்பனையில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். அவள் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த நேரத்தை இரண்டு வருடமாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருக்கிறாள்! ஆலையில் தரம் பார்க்கும் குவாலிட்டி வேலைக்குப் போகட்டும்.

உற்பத்தி ஒரே சீராக ஓடுகிறதா என்று காட்ட 1924-இல் அமெரிக்காவில் ஷூவார்ட் என்பவர் வரைந்த கன்ட்ரோல் சார்ட்டும் ஏறக்குறைய இதுதான். வாகன உதிரிபாக ஆலைகளில் இன்றும் ஓடுகிறது. மணிக்கொரு தரம் ஐந்து பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். சராசரி ஒரு புள்ளி, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசமான வீச்சு ஒரு புள்ளி. எல்லா பீஸும் டிராயிங் அளவுக்குள் இருந்தாலும் புள்ளிகள் விடாமல் ஏறினால் டூல் தேய்கிறதோ என்று பார்க்க வேண்டும். ரிஜெக்‌ஷன் விழுவதற்கு முன்பே மெஷினை நிறுத்தச் சொல்பவர்தான் குவாலிட்டி ஆள். பீஸ் எப்படி இருக்க வேண்டும் என்று டிராயிங் தரும் எல்லை வேறு, மெஷின் இயல்பாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று சொல்லும் சார்ட்டின் எல்லை வேறு. பல வருடம் சர்வீஸ் போட்டவர்களே இதில் தடுமாறுவார்கள். உங்கள் பெண் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

உங்கள் பக்கத்துப் பாடியில்தான் சுந்தரம் கிளேட்டன் என்ற வாகன உதிரிபாக நிறுவனம் இயங்கிவந்தது. அதன் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு வாங்கியது. இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். அந்த வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு கடன் வாங்கப் போகிறீர்கள்.

தரமணியில் மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. பட்டதாரிகளுக்கு ஒரு வருடம் ஆலையிலேயே பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வட்டி கட்ட வேண்டியதில்லை. குவாலிட்டி பிரிவு வேண்டுமென்று கேட்டு வாங்கட்டும்.

சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறையில் பிளாக் பெல்ட் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது வாரக்கடைசி வகுப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழுக்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே அமைப்பு கிடையாது. தருகிறவரைப் பொறுத்துத்தான் மதிப்பு. ஆலையில் சேர்ந்தபின் கம்பெனி செலவில் படித்துக்கொள்ளலாம்.

ஷிஃப்ட் இருக்கலாம், எண்ணெய் வாடை நிச்சயம் உண்டு. ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அவள் சரியென்றால் சரி. அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் எனக்கு போன் செய்யாதீர்கள்.