மூன்று நாள் பழச்சாறு மட்டும் குடித்தால் உடலின் நச்சு வெளியேறுமா?

நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே ஓய்வின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் மட்டும் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இதைவிடச் சிறப்பாகச் சுத்தம் செய்யும் பழச்சாறு எதையும் நான் அறியேன்.

அப்படியானால் மூன்றே நாளில் எடை குறைவது எப்படி? உணவு குறைந்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜனை (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) உடல் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் நீர் தங்கியிருக்கும். அதுவும் சேர்ந்தே வெளியேறும். எடைக்கருவியில் இறங்கும் எண்ணில் கொழுப்பின் பங்கு சிறிதுதான். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அந்த நீரும் திரும்பி வந்துவிடும்.

ஆனாலும் செய்து பார்க்க ஆசையா? சாறாகப் பிழியாமல் பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து கிடைக்கும். பருப்பு, முட்டை போன்ற புரத உணவை விடாதீர்கள். மது, இனிப்புப் பானம், பொரித்த பண்டம் மூன்றையும் நிறுத்தினாலே உடல் இலகுவாகத் தோன்றும் (பலர் சாற்றுக்குக் கொடுக்கும் பாராட்டு உண்மையில் இதற்குரியது).

நீரிழிவு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. தலைசுற்றல் வந்தால் யாராக இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, சாப்பிடுங்கள்.