அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், எனக்கும் வருமா?

கேள்வி: பீடி குடித்த அப்பாவுக்கு 63 வயதில் நுரையீரல் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ‘இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம்’ என்றிருக்கிறது. எனக்கு 44 வயது. 20 வருடமாகத் தினம் பத்து சிகரெட். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த மாற்றம் அநேகமாகக் கட்டிக்குள் மட்டும் உண்டானது, அப்பாவுக்கு எந்த மாத்திரை பொருந்தும் என்று அறியச் செய்த சோதனையில் தெரிந்தது. பிறவியிலேயே வருவது மிக அபூர்வம். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதிலும் ஒரு பங்கு ஒரே வீட்டில் சுவாசித்த புகைக்கு உரியது. சிகரெட்டோ ஆபத்தை 15 மடங்குக்கு மேல் ஏற்றும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

எக்ஸ்ரே உதவாது, சின்னக் கட்டி விலா எலும்பின், இதயத்தின் நிழலில் மறைந்துவிடும். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான் சரி. அமெரிக்காவின் 2021 பரிந்துரைப்படி அது 50 முதல் 80 வயதுக்குள், 20 ‘பாக்கெட் வருடம்’ புகைத்தவர்களுக்கு. தினம் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் என்றால் 1. உங்கள் கணக்கு 10, வயதும் 44, அந்த வரம்புக்குள் நீங்கள் வரவில்லை. தேவையின்றி ஸ்கேன் எடுத்தால், நம் ஊரில் பழைய டி.பி. தழும்பும் கட்டிபோலத் தெரிந்து, வீண் ஊசிப் பரிசோதனைவரை இழுத்துவிடும். ஆனால் மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம் என்றால் வயதுக் கணக்கெல்லாம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

புகைப்பதை நிறுத்த இலவச உதவி எண்: 1800-11-2356. நிகோடின் கம் வாங்கினால் சூயிங்கம் மாதிரி மெல்லாதீர்கள், விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி, அடங்கியபின் மெல்லுங்கள். காபி குடித்து 15 நிமிடம் கழித்துப் போடுங்கள்.