எச்.ஆர்.வி. டக்ட்: வெளிச்சுவரில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஒன்ராறியோ ஏஜாக்ஸில் எங்கள் வீடு. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, கீழே பேஸ்மென்ட். யன்னல்களை மாற்றி இன்சுலேஷனும் ஏற்றிய பிறகு, குளிர்காலத்தில் கண்ணாடி ஓரமெல்லாம் தண்ணீர் வடிகிறது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றும் எச்.ஆர்.வி. கருவி ஒன்று வாங்கிவிட்டோம், 150 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 150 கன அடி காற்று). அதன் டக்டை (காற்றுக்குழாயை) நாங்களே போடலாமா? முழுவதும் வளையும் டக்ட் பாவித்தால் வேலை சுலபம் என்கிறார் அண்ணா. குசினிப் புகைபோக்கியையும் இதிலேயே இணைக்கலாமா?

பதில்: போடலாம். ஆனால் மேல்மாடியில் எந்தக் கிறில் (காற்று வந்துபோகும் துளைத்தட்டு) எங்கே வரும் என்ற யோசனையைத் தள்ளிவையுங்கள். கருவிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஓடும் இரண்டு டக்ட்கள்தான் முதல் வேலை: ஒன்று புதிய காற்றுக்கு, மற்றது கழிவுக்காற்றுக்கு. நான் திருத்தப் போகும் வீடுகளில் அநேகமாகப் பிழையாக இருப்பது அந்தச் சில அடிகள்தான்.

வெளியே மறை பத்துப் பாகை என்றால், அந்த இரண்டு டக்டின் தோலும் நல்ல குளிரில் இருக்கும். பேஸ்மென்டின் சூடான ஈரக்காற்று அதைத் தொட்டால் உடனே வியர்க்கும். அதனால் இந்த இரண்டுக்கும் மட்டும் இன்சுலேஷன் சுற்றிய, வெளிப்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட வளையும் டக்ட் வேண்டும். கருவியின் குளிர்ப்பக்க வாயைப் பாருங்கள், இரட்டை வளையமாக இருக்கும். உள்குழாயை உள்வளையத்தில் இறுக்கி, இன்சுலேஷனை இரண்டு வளையங்களுக்கும் நடுவில் செருகி, பிளாஸ்டிக் உறையை வெளிவளையத்தின் மேல் இழுத்துச் சுற்றிவர டேப் ஒட்டவேண்டும். சுவர்ப்பக்கத்திலும் அப்படியே. உறையில் விரல்நுனி அளவு கிழிசல் இருந்தாலும் ஈரம் உள்ளே போய் இன்சுலேஷன் ஊறிவிடும். சீலிங்கில் மஞ்சள் கறை வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். ஆகவே இந்த ஓட்டம் குட்டையாக இருக்கட்டும். கருவியை வெளிச்சுவருக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

வெளியே, காற்று எடுக்கும் வாயும் கழிவுக்காற்று விடும் வாயும் குறைந்தது 6 அடி விலகியிருக்க வேண்டும். எடுக்கும் வாய் தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலே, பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில் இருக்கட்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய், ட்ரையர் வாய், கார் நிறுத்தும் இடம் எதுவும் அருகில் வேண்டாம். எடுக்கும் வாயில் கொசுவலை மாதிரி நுண்ணிய வலை போடாதீர்கள். ஒரே கோடையில் பஞ்சு அடைத்துவிடும். கால் அங்குலக் கண் போதும்.

வீட்டுக்குள்ளே அண்ணாவின் யோசனை சரிவராது. இங்கே அறைக்கு 10 சிஎஃப்எம், பெரிய படுக்கையறைக்கும் பேஸ்மென்டுக்கும் 20 என்று கணக்குப் பார்ப்பார்கள். ஹோல், சாப்பாட்டறை, குசினி எல்லாம் சேர்த்தால் உங்கள் வீட்டுக்கு 110 அளவில் வரும். 150 தாராளம்தானே என்று தோன்றும். பெட்டியில் போட்டிருக்கும் எண், டக்டின் தடை ஒரு அளவுக்குள் இருக்கும்வரைதான். வளையும் டக்ட் இழுபடாமல் சுருங்கித் தொய்ந்தால் தடை இரட்டிப்பாகி, காசு கொடுத்து வாங்கிய காற்று பாதி வழியிலேயே நின்றுவிடும். தகர டக்ட் போடுங்கள். முதன்மை ஓட்டம் 6 அங்குலம், கிளைகள் 4 அல்லது 5. மூட்டுகளுக்கு அலுமினியத் தாள் டேப் அல்லது மாஸ்டிக் (மூட்டை அடைக்கும் பசை). கடையில் 'டக்ட் டேப்' என்றே விற்கும் சாம்பல்நிறத் துணி டேப் டக்டுக்கு மட்டும் உதவாது, சில வருடத்தில் காய்ந்து உரிந்துவிடும்.

வீட்டில் ஏற்கனவே ஃபர்னஸ் டக்ட் இருந்தால் ஒரு நடுவழி உண்டு. குளியலறைகளிலிருந்தும் குசினியிலிருந்தும் கழிவுக்காற்றைத் தனி டக்டில் எடுங்கள். புதிய காற்றை மட்டும் ஃபர்னஸின் ரிட்டேர்ன் டக்டில் (வீட்டுக்காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் டக்டில்) விடுங்கள். எச்.ஆர்.வி. ஓடும்போதெல்லாம் ஃபர்னஸ் விசிறியும் ஓடும்படி இரண்டையும் வயரால் இணைக்கவேண்டும், இல்லாவிட்டால் புதிய காற்று படுக்கையறைவரை போகாது. ஃபர்னஸுக்கு ஒட்டிய மாதிரி இணைக்கக் கூடாது. குளிர்காற்று வீட்டுக்காற்றோடு கலக்க இடம் வேண்டும், அந்தத் தூரம் கருவியின் கையேட்டில் இருக்கும். படுக்கையறைக் கதவுகளின் கீழே அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள், காற்று திரும்பி வரவேண்டுமே.

குசினிப் புகைபோக்கியை இணைக்கவே கூடாது. நம்முடைய தாளிப்பும் பொரியலும் கருவியின் உள்மையத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிந்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அது தனி வழியில் நேரே வெளியே போகட்டும். எச்.ஆர்.வி.யின் குசினிக் கிறில் அடுப்பிலிருந்து 4 அடியாவது தள்ளி, ஃபில்டரோடு இருக்கட்டும். ட்ரையருக்கும் இதே தடைதான்.

கருவியில் சேரும் தண்ணீர் போக வடிகுழாய் வேண்டும். அதை ஒரு வளையமாகச் சுற்றி, தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகு கருவியை ஓடவிடுங்கள்.

கடைசி வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்: உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் அளந்து சமப்படுத்துவது. போவது கூடினால் வீடு உறிஞ்சத் தொடங்கி, பழைய வகை காஸ் வோட்டர் ஹீற்றரின் புகை பேஸ்மென்டுக்குள் திரும்பலாம். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்குள் நிற்கவேண்டும். இரண்டு அளவையும் கருவியின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெர்மிட் தேவையா என்று டக்ட் வாங்கும் முன்னரே நகரசபையில் கேட்டுவிடுங்கள்.