‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று டாக்டர் கேட்டால்...

கேள்வி: எனக்கு வயது 34. தன்பாலீர்ப்புள்ள பெண். ஆறு வருடமாகத் தோழியோடு வாழ்கிறேன். ஆண்களோடு உறவு இருந்ததில்லை. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் புற்றுநோய்க்கான மாற்றம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கப் போனேன். கல்யாணம் ஆகவில்லை என்றதும் ‘உனக்கு எதுக்கும்மா?’ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். உண்மையிலேயே தேவையில்லையா?
- வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் தேவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் பரவத் தோலோடு தோல் உரசினாலே போதும். விரல் வழியாகவும், கழுவாமல் மாற்றிப் பயன்படுத்தும் செக்ஸ் டாய் வழியாகவும் தொற்றலாம்.

நம்மூர் கிளினிக்குகளில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்றால் ‘உடலுறவு உண்டா?’ என்றுதான் அர்த்தம். ஓ.பி. சீட்டில் ‘அன்மேரிட்’ என்று எழுதிவிட்டால், உள்பரிசோதனையும், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் டிரான்ஸ்வெஜைனல் ஸ்கேனும் அதோடு போயிற்று. அதனால் அடுத்த முறை இப்படிச் சொல்லுங்கள்: ‘கல்யாணம் ஆகலை டாக்டர். ஆனா உடலுறவு உண்டு. பார்ட்னர் ஒரு பெண். பாப் ஸ்மியர் எடுக்கணும்.’ மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல மனம் வரவில்லையா, விட்டுவிடுங்கள். இந்தப் பரிசோதனைக்கு இரண்டாவதே போதும். அம்மா கூட வந்திருந்தால், ‘தனியா பேசணும்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாதவிலக்கு தொடங்கி 10 முதல் 20 நாளுக்குள் போவது நல்லது. முந்தைய 2 நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம், உள்ளே கழுவுவதும் வேண்டாம். செல்கள் அடித்துக்கொண்டு போய்விட்டால் மறுபடி எடுக்க நேரும். உள்ளே எதுவும் நுழைத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி வலிக்கும். படுக்கும் முன்பே ‘சின்ன சைஸ் போடுங்க, வலிச்சா சொல்றேன், நிறுத்துங்க’ என்று சொல்லிவிடுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டால் தசை தளரும். ரிசல்ட் சரியாக இருந்தால் 3 வருடம் கழித்து அடுத்தது. தோழியும் எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு ஓர் ஆபரேஷன். ரத்த உறவுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என்னோடு வாழும் தோழி போட முடியாதா?
- வாசகி, கோவை

பதில்: வயது வந்து, நினைவோடு இருக்கும் நோயாளிக்கு ஒப்புதல் தர வேண்டியது அவரேதான். மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையை, அவருடைய அம்மாவிடம் கேட்டு எடுத்துவிட்ட வழக்கில், உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அம்மாவின் ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது. பெற்ற தாய்க்கே அதுதான் நிலை.

பெரும்பாலும் மருத்துவமனை தேடுவது சாட்சிக் கையெழுத்தும், பில்லுக்குப் பொறுப்பேற்க ஓர் ஆளும்தான். அட்மிஷனுக்கு முந்தைய நாளே டாக்டரிடம் பேசுங்கள். தோழியின் பெயர், போன் நம்பர், ‘என் உடல்நிலை பற்றி இவரிடம் பேசலாம்’ என்ற வரி, உங்கள் கையெழுத்து: வெள்ளைத்தாளில் 2 பிரதி எழுதி, ஒன்றைக் கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். மனநலச் சிகிச்சைக்கு மட்டும் இது இன்னும் வலுவானது. 2017 மனநலச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி தோழியையே உங்கள் நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை முடிவுகளில் உங்களுக்குத் துணை நிற்க நீங்களே தேர்ந்தெடுப்பவர்) இப்படி எழுதிவைக்கலாம்.

கேள்வி: எனக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு. அதை ‘மாத்திடலாம்’ என்று வீட்டில் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகிறார்கள்.
- வாசகி, மதுரை

பதில்: மாற்ற வேண்டிய நோய் எதுவும் உங்களிடம் இல்லை. அப்படி மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. சீட்டு, மாத்திரை அட்டை, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்; தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம்.